மூன்றடி என்று சொன்ன காலை

முகத்துவாரத்தை வெட்டுவதா வேண்டாமா என்று அரசாங்க அதிபரின் அலுவலகமான கச்சேரியில் கூடிப் பேசவிருந்த நாள் அது. வாவி நிரம்பினால், கடலுக்கும் அதற்கும் நடுவிலுள்ள மணல்மேட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். பிந்தி வெட்டினால் கரையோர வயல் அழுகும். முந்தி வெட்டினால் இறால் எல்லாம் கடலுக்குப் போய்விடும் என்று மீன்பிடிக்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். இரண்டு பக்கமும் வயிற்றுப்பாடு. அதனால் அங்கே வாய்ப்பேச்சு எடுபடாது, அளவு வேண்டும்.

எங்கள் வயல்வெளியின் அளவைக் கொடுப்பவள் நான். அந்த வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, அக்காவின் கணவரான அத்தான்தான் விதானை, வயற்காரரின் தலைவர். தண்ணீர்ப் பங்கு, வேலி, மாடு என்று எல்லா வழக்கும் அத்தானிடம்தான் வரும். வயலைவிட ஒன்றரை அடி தாழ்வான வடிகால்களில் ஆறு இடங்களில் அளவுகம்பு நட்டிருந்தோம். காலையில் ஆறு பேர் அங்குலக் கணக்கைப் போனில் அனுப்புவார்கள். அதை என் லேப்டாப்பில் போட்டு, நானே எழுதிய சின்ன நிரலை ஓடவிட்டால் சராசரி அடியில் வரும். மூன்றரை அடியைத் தாண்டினால் வெட்டச் சொல்லிக் கேட்பது என்று எல்லாரும் பேசி வைத்திருந்தோம்.

முந்திய நாள் மூன்றடிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அன்று காலை நிரலை ஓடவிட்டேன். மூன்று என்று வந்தது.

"தண்ணி கொஞ்சம் வத்தியிருக்கு அத்தான்," என்றேன்.

அவர் அப்போதுதான் வயலிலிருந்து வந்து, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பிழிந்துகொண்டு நின்றார். "என்ன மச்சாள் சொல்றாய்? நேத்து முழங்காலுக்குக் கிடந்தது. இண்டைக்குத் தொடைமட்டுக்கு நிக்குது."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வருடமாக என் கணக்கு ஒருநாளும் பிழையாக வந்ததில்லை. "காலுக்கு என்ன கணக்குத் தெரியும் அத்தான்? ஆறு கம்பு சொல்றதக் கேப்பீங்களா, உங்கட கால் சொல்றதக் கேப்பீங்களா?"

நான் மூன்றடி என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். வட்டையின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, போனைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டார். எங்கள் தன்னாமுனையிலிருந்து டவுனிலுள்ள கச்சேரிக்கு அந்த மழையில் அரை மணித்தியாலம். கூட்டம் பத்து மணிக்கு.

அவர் போன பிறகுதான் திரையைச் சரியாகப் பார்த்தேன். மூன்று. வெறும் மூன்று. வழக்கமாக மூன்று புள்ளி இரண்டு, மூன்று புள்ளி ஐந்து என்று ஏதாவது வால் இருக்கும். இன்று வால் இல்லை. ஆறு கம்பும் சேர்ந்து துல்லியமாக மூன்றடி காட்டுமா?

எடிட்டர் என்பது நிரலை எழுதும் தாள் மாதிரி. எழுதியதை வாசித்து வேலை செய்வது பைதான். என் எடிட்டரின் கீழ் மூலையில் பைதானின் எந்தப் பதிப்பு என்று சின்ன எழுத்தில் காட்டும். பைதான் மூன்று என்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு புள்ளி ஏழு என்று இருந்தது. முந்திய நாள் பின்னேரம் வட்டையின் வரைபடம் கீறுவதற்காக ஒரு பழைய மென்பொருளை ஏற்றியிருந்தேன். அதோடு சேர்ந்து இந்தப் பழசும் வந்து உட்கார்ந்திருக்கிறது. பழைய பைதான் முழு எண்ணை முழு எண்ணால் பிரித்தால் மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிடும். மூன்றடி பத்து அங்குலமும் அதற்கு மூன்றடிதான்.

மூலையை அழுத்தி, பட்டியலில் புதியதைத் தெரிவு செய்தேன். திரையின் கீழே திறந்து கிடந்த, டெர்மினல் என்ற கறுப்புப் பெட்டியில் பழைய கட்டளையையே மறுபடி ஓடவிட்டேன். மூன்று. இன்னொரு தரம். மூன்று. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பற்றரியில் ஒன்பது வீதம். கையில் போன் இருந்தது, அதில் கூட்டிப் பிரித்துப் பார்க்க அரை நிமிடம் போதும். அது எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு லேப்டாப்போடுதான் சண்டை.

"கணக்குச் சரிதானே?" என்று குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அக்கா கேட்டாள். அவள் சீதனமாகக் கொண்டுவந்த வயலும் அந்த வட்டைக்குள்தான் கிடந்தது. நான் அதே கட்டளையை இன்னொரு தரம் ஓடவிட்டேன்.

பிறகுதான் புத்தியில் பட்டது. மூலையில் மாற்றினாலும், ஏற்கெனவே திறந்திருந்த அந்தப் பெட்டி பழைய பைதானோடுதான் கிடக்கிறது. அதை மூடிப் புதிதாக ஒன்றைத் திறந்து ஓடவிட்டேன். மூன்று புள்ளி எட்டு.

மணி ஒன்பது ஐம்பது. அத்தானுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. நாலு தரம் அடித்தேன். பொலித்தீன் பைக்குள் கிடந்து யாருக்குக் கேட்கும்? குழுவில் எழுதினேன்: காலையில் நான் அனுப்பியது பிழை, பிழை என்னுடையது, சரியான அளவு மூன்று புள்ளி எட்டு. ஐந்தாம் தரம் எடுத்தார்.

"அத்தான், உள்ள போயிட்டீங்களா? நான் தந்தது பிழை. மூண்டே முக்காலுக்கும் மேல நிக்குது."

"வாசல்லதான் நிக்கிறன். இப்பதான் கூப்பிடுறாங்க," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மறுநாள் காலையே வெட்டுவது என்று முடிவானது. பின்னேரம் அத்தான் தெப்பமாக நனைந்து வந்தார். சட்டைப்பையிலிருந்து என் தாளை எடுத்து மேசையில் வைத்தார். மூன்றடி என்பது மை கரைந்தும் வாசிக்கக்கூடியதாகவே இருந்தது.

"நான் போன் அடிக்காட்டி என்ன சொல்லியிருப்பீங்க?" என்று கேட்டேன். தண்ணீர் தொடைமட்டுக்கு நிற்கிறது என்றுதான் சொல்லியிருப்பார், விதானை இல்லையா என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

"மூண்டடி எண்டுதான்," என்றார் அத்தான். "நீதானே சொன்னாய், காலுக்கு என்ன கணக்குத் தெரியும் எண்டு."