கடைசி வாங்கில் அரைமணி நேரம்

நிருஷாவுக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டது என்றுதான் எங்கள் போடிங்கில் பேச்சு. 'சிஸ்டர்' என்று அவளுக்குப் பட்டம் வைத்தவள் நான். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஓர் அறைக்குள் கம்பஸ் பெண்கள் நாலு பேர் இருந்தோம். ஒருத்தி தும்மினால் மூன்று பேர் எழும்ப வேண்டும். வீட்டுக்கார மாக்ரெட் அன்ரிக்குக் கதவைச் சாத்தினாலே பிடிக்காது. "பொம்பிளைப் பிள்ளையளுக்கு என்ன ரகசியம்?" என்பார்.

நிருஷா யாழ்ப்பாணத்துச் சைவப் பிள்ளை. ஆனால் பின்னேரம் ஐந்து மணியானால் தெருமுனை மாதா கோயிலின் கடைசி மர வாங்கில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு இருப்பாள். அரைமணி நேரத்தில் திரும்பி வரும்போது முகம் தெளிந்திருக்கும்.

அன்ரிக்குப் பெருமை தாங்கவில்லை. நிருஷாவின் அம்மாவுக்கே போன் எடுத்துவிட்டார். "உங்கட மகள் தங்கம். ஒருநாளும் மாதாவிட்ட போகாம விடமாட்டா."

மறுநாள் காலையே அம்மா இரவு பஸ்ஸில் வந்து நின்றார். "மதம் மாறவோ உன்னை இங்க விட்டனான்? படிச்சது காணும். உடுப்பை அடுக்கு."

இறுதிப் பரீட்சைக்கு இருபது நாள்தான் இருந்தது.

"நான் கும்பிடேல்லையம்மா," என்றாள் நிருஷா. "கண்ணை மூடிக்கொண்டிருந்தா அங்க ஒருத்தரும் கதைக்க வரமாட்டினம். இங்க பேசாம இருந்தா, என்ன நடந்தது, ஆரோட கோபம் எண்டு கேட்டே கொல்லுவினம்."

எனக்குச் சுருக்கென்றது. அதிகம் கேட்டவள் நான்தான். வெட்கமாக இருந்தது.

"அப்ப என்ர மாதாவை ஏமாத்தினனியா?" என்று அன்ரி மூக்கைச் சிந்தினார்.

அம்மா நம்பவில்லை. அதற்குள் அவருடைய போன் மூன்று தரம் அடித்துவிட்டது. அப்பாவுக்குச் சீனிப் போத்தலைக் காணவில்லை. மாமியாருக்கு எந்த நேரம் எந்தக் குளிசை விழுங்குவது என்று தெரியவில்லை. மகனுக்குச் சேட்டு இஸ்திரி போட்டு மினுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் அம்மா நின்றபடியே பதில் சொன்னார்.

பின்னேரம் பஸ் ஏற்றிவிட நானும் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். வழியில் மாதா கோயில் வாசலில் அம்மா நின்றுவிட்டார்.

"எங்க இருக்கிறனி? காட்டு."

கடைசி வாங்கில் மகளுக்குப் பக்கத்தில் இருந்தார். போன் மறுபடி அடித்தது. பார்த்தார். நிற்பாட்டிவிட்டுக் கண்ணை மூடினார்.

அரைமணி போயிற்று. முக்கால்மணியும் ஆயிற்று. பஸ் போய்விடப் போகிறதே என்று நிருஷா மெதுவாக, "அம்மா" என்றாள்.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"பையைக் கொண்டுபோய் அறையில வை, பிள்ளை," என்றார். "என்னைக் கொஞ்ச நேரம் ஒருத்தரும் கூப்பிடாதேங்கோ."