நாலு டயரு, நாலு சக்களத்தி

எம்பேரு பழனாத்தாள். வெள்ளகோவில் பக்கம் ஒரு களத்துல தேங்காய்ப் பருப்புக் காயப்போடற வேலை. பதினெட்டு வருசமா சிமெண்டுத் தரை, மொட்டை வெயிலு. என் ஊட்டுக்காரர் பாலுசாமி அதே களத்துக்குத்தான் மினிலாரி ஓட்டறாருங்க. எனக்குச் சக்களத்தி ஒண்ணு இல்லீங்க, நாலு. அந்த வண்டியோட நாலு டயரும்தான்.

சிரிக்காதீங்க. வண்டி வாங்கறதுக்கு முந்தி, என்னைச் சைக்கிள்ல ஏத்தறப்ப, "வெயிலு ஏறிப்போச்சு, முக்காட்டைப் போட்டுக்க கண்ணு"ம்பாரு. இப்ப அந்தக் கரிசனமெல்லாம் டயருக்கு. களத்துல கொண்டாந்து நிறுத்தினதும் குத்தவெச்சு ஒவ்வொண்ணையும் பெருவிரல்ல தடவிப் பார்ப்பாரு. "வெயில்ல ரப்பரு வெடிச்சுப்போகும்"னு பொலம்பல் வேற. நெழலு நகர நகர வண்டியும் நகரும். பித்தவெடிப்புல எங்காலு ரத்தம் கசியறது அந்த மனுசன் கண்ணுல பட்டதே இல்ல. வயித்தெரிச்சல் வருமா வராதா?

போன சித்திரையில அது முத்திப்போச்சு. நோம்பிக்கு எங்கண்ணன் சென்னிமலைப் பெட்சீட்டு ஒண்ணு கொடுத்தாரு. சிவப்புக் கரை போட்டது. விரிக்க மனசு வராம பீரோவுல மடிச்சு வெச்சிருந்தேன். ஒருநாள் மத்தியானம் பாக்கறேன், அதை நாலாக் கிழிச்சு நாலு டயருக்கும் போர்த்திவுட்டிருக்காரு! கூட வேலை செய்யற பங்காரம்மா, "பொறந்தவன் சீரு உனக்கில்லடி, அவளுகளுக்குத்தான்"னு சிரிச்சா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

விறுவிறுன்னு போயி நாலையும் உருவிப்போட்டேன். ஒண்ணைத் தலைக்குக் கட்டினேன், ரெண்டைக் காலுக்குச் சுத்திக்கிட்டேன், மிச்சத்தைப் பங்காரம்மா தலையில போட்டேன். கெடந்து வெடிக்கட்டும் கழுதைகன்னு பருப்பைப் புரட்டப் போயிட்டேன். அன்னைக்குத் தரை சுட்டதே தெரியலீங்க.

அவரு டீ குடிச்சுப்போட்டு வந்தாரு. மொதல்ல டயரைப் பார்த்தாரு, பொறவுதான் என்னைய.

"ஏம்புள்ள, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? டயரு என்னத்துக்கு ஆகும்?"

"வெடிக்கும். வெடிச்சா எப்படி இருக்கும்னு இதா பாருங்க"ன்னு சுத்தின துணிய அவுத்துக் காலை நீட்டினேன்.

பெருவிரலை வெடிப்புக்கிட்டக் கொண்டாந்தாரு, தொடறதுக்குப் பயந்து நிறுத்திக்கிட்டாரு. கோபமெல்லாம் எறங்கிப்போச்சு.

"காலு இந்தக் கதியில இருக்குதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லலையே அம்மணி."

"ஏனுங்க, டயரு மட்டும் வாயத் தொறந்து சொல்லுச்சுங்களா?"