இரத்தம் கொடுக்க வந்த நாய்

ஜொகூரில் பண்டார் தெங்காராவைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த ஒரு நாற்றுப்பண்ணையில் நான் காவல் வேலை பார்த்தேன். பதினான்கு வயதில், படிவம் இரண்டோடு பள்ளியை விட்டவன் நான். லாயாங் லாயாங்கில் லோரியில் சரக்கு ஏற்றினேன், தெப்ராவில் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் நின்றேன், சிங்கப்பூரில் கப்பல் துரு சுரண்டினேன். எதிலும் நிலைக்கவில்லை. பண்ணை வாசலில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அக்காவின் நாய் ஒரு குட்டி போட்டது. அது என் காவல் கொட்டகைக்கு வந்து படுத்துக்கொண்டது. பிறகு அது என் நாய் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை.

செம்பனைப் பழங்களை எலி கடிக்கிறது என்று தோட்டத்து ஆட்கள் மரத்துக்கு மரம் ரோஸ் நிறத்தில் எலிக்கட்டி வைத்துப் போனார்கள். மெழுகுத் துண்டு போல இருக்கும். என் நாய் ஒன்றைக் கடித்துத் தின்பதைப் பார்த்துக் கத்தினேன். அக்கா கடையிலிருந்து ஓடி வந்தார்.

"விஷத்துக்கு இளநீதான்லா. வாயைப் பிடி தம்பி."

இரண்டு காய் வெட்டி ஊற்றினோம். பாதி என் சட்டையில் வழிந்தது. தேநீர் குடித்துக்கொண்டிருந்த லோரிக்காரர் ஒருவர் சிரித்தார்.

"அக்கா, நாய்க்கு மட்டும் இளநீ ஃப்ரீயா?"

"நீயும் ஒரு எலிக்கட்டி தின்னுட்டு வா. உனக்கும் ஃப்ரீயா ஊத்துறேன்."

மறுநாள் நாய் கோழியைத் துரத்தியது. அதற்கு மறுநாளும் துரத்தியது. அக்கா கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இளநீரின் மகிமையைச் சொன்னார். எங்களுக்குத் தெரிந்த விஷம் புல்லுக்கு அடிக்கும் மருந்துதான். அதைக் குடித்தவர்கள் அன்றைக்கே வாந்தி எடுத்து விழுந்ததைப் பார்த்திருக்கிறோம். நாய்க்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. அதனால் ஆபத்து போய்விட்டது என்று நம்பினோம்.

அந்த வாரம் முடிவதற்குள் அது சாப்பாட்டை விட்டது. காலையில் பார்த்தால் மூக்கில் இரத்தம். தூக்குவதற்கு விலாவைப் பிடித்தேன். பிடித்த இடம் என் கண்ணெதிரே வீங்கியது. கையை எடுத்துவிட்டேன். எங்கே தொட்டாலும் உள்ளே ஏதோ உடைகிறது என்று தெரிந்தது. அதன் பிறகு தொடவே பயமாக இருந்தது. சாக்கை அதன் அடியில் மெல்லச் செருகி, நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பண்ணை வேனில் ஏற்றினோம். தாய் நாய் தானாகவே பின்னால் குதித்து ஏறியது. இறக்கிவிட நேரமில்லை.

கூலாயில் இருந்த விலங்கு கிளினிக்கில் மருத்துவர் ஓர் இளம்பெண், தமிழ்ப் பிள்ளை. ஈறைத் தூக்கிப் பார்த்தார். வெள்ளைத் தாள் போல இருந்தது.

"எலி மருந்து சாப்பிட்டுச்சா?"

"அது நாலஞ்சு நாளைக்கு முன்ன, டாக்டர். இளநீ குடுத்தோம், சரியாயிருச்சே," என்றார் அக்கா.

"இளநீ ஒண்ணும் பண்ணல, ஆன்ட்டி. இந்த மருந்து மெதுவாதான் வேலை செய்யும். இரத்தம் உறையவே விடாது. இப்ப நெஞ்சுக்குள்ள இரத்தம் கசியுது, அதான் இப்படி மூச்சு வாங்குது."

ஊசி போட்டால் உறையத் தொடங்குமாம். ஆனால் அந்த ஊசி வேலை செய்ய ஒரு நாள் போல ஆகும். அதுவரை உயிர் தாங்க வேறொரு நாயின் இரத்தம் வேண்டும். சொல்லிவிட்டு மருத்துவர் வாசலில் நின்ற தாய் நாயைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அக்கா எங்கள் இருவரையும் பார்த்தார்.

அக்கா தனியாக இருப்பவர். கடைக்குப் பின்னால் ஓர் அறை, அதன் வாசலில் அந்த நாய். செம்பனைக்குள் இருட்டியபின் அவருக்கு இருந்த ஒரே துணை. கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமலிருந்தால் என் நாய் செத்துவிடும்.

"எவ்வளவு எடுப்பீங்க?" என்று அவரே கேட்டார். "இதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"வயசு கொஞ்சம் ஆச்சு. ஆபத்தே இல்லன்னு என்னால சொல்ல முடியாது. முதல்ல டெஸ்ட் பண்ணிப் பாக்கிறேன்."

அக்கா நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். "மகளுக்குத்தானே. எடுங்க."

எனக்கு நிம்மதி வந்தது. மருத்துவர் தாயின் முன்னங்காலில் சிறிது இரத்தம் எடுத்து, ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்தியிருந்தேன். பஞ்சு சிவந்தது. வேறு பஞ்சு கொடுத்தார். அதுவும் சிவந்தது. குழாயில் இருந்தது தண்ணீர் போல ஆடிக்கொண்டே இருந்தது.

"இதுவும் சாப்பிட்டிருக்கு," என்றார் மருத்துவர்.

"அலமாக்! இது நல்லா ஓடியாடிட்டு இருக்கே!" என்று அக்கா பதறினார்.

"நாளைக்கோ மறுநாளோ இதுக்கும் மூக்குல வந்திருக்கும். இன்னைக்கு மருந்து ஆரம்பிச்சா பிழைக்க வாய்ப்பு இருக்கு."

அக்கா தரையில் உட்கார்ந்து நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். கட்டிப்பிடிக்கவும் பயந்தார்.

என் நாய்க்கு மூன்று வழி என்று மருத்துவர் சொன்னார். ஜொகூர் பாருவில் பெரிய கிளினிக்கில் இரத்தம் கிடைக்கலாம், ஆனால் வழியிலேயே போய்விடலாம். இங்கேயே உறைய வைக்கும் ஊசியைப் போட்டு, ஆக்சிஜன் வைத்துக் காத்திருக்கலாம். அல்லது வேறு ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்க வைத்துவிடலாம்.

"நீங்கதான் சொல்லணும், அண்ணே."

ஓர் இடம் பிடிக்கவில்லை என்றால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் பழகியவன் நான். யாருடைய உயிரைப் பற்றியும் என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஊசி போட்டு ஆக்சிஜன் வைக்கச் சொன்னேன். நாய் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, காற்றைக் கடிப்பது போல இழுத்தது. படுக்க முயன்றது, முடியாமல் எழுந்து உட்கார்ந்தது. நாக்கு நீலமானது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் மருந்து பிடித்துவிடுமோ என்றும், பொறுப்பது அதற்குச் செய்யும் கொடுமையோ என்றும் மாறி மாறித் தோன்றியது. சீக்கிரம் முடித்துவிட்டதாக ஆகிவிடுமோ என்ற பயம் என் வாயை அடைத்தது.

அக்கா தரையிலிருந்து சொன்னார்: "தம்பி, அது உன்னைத்தான் பாக்குது."

"தூங்குற ஊசியைப் போடுங்க, டாக்டர்," என்றேன்.

நான் சொன்னது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊசி ஏறியதும் இழுப்பு நின்றது. அறை சட்டென்று அமைதியானது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. அதற்காகவும் பயந்தேன்.

தாய்க்கு உறைய வைக்கும் ஊசி போட்டு, வாரக்கணக்கில் கொடுக்க மாத்திரையும் தந்தார்கள். ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, எதிலும் இடித்துக்கொள்ளக்கூடாது. திரும்பும்போது இறந்தது பின்னால் சாக்கில் கிடந்தது. உயிரோடு இருந்தது முன்னால் அக்காவின் மடியில்.

"பள்ளம் பாத்து ஓட்டு தம்பி."

செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் பின்னால் வந்து ஹாரன் அடித்தன. ஒரு டிரைவர் கண்ணாடியை இறக்கி, "சைக்கிளா ஓட்டுறே?" என்று கத்திவிட்டு முந்திப் போனார். இரண்டாவது கியரிலேயே போனேன்.