போய்த் திரும்பிய கசற்

இக்னேசியஸ் நல்ல கத்தோலிக்கர்தான். ஆனால் சனிக்கிழமை இரண்டு மணிக்கு வானொலியில் பழைய பாட்டு நிகழ்ச்சி தொடங்கிவிட்டால் பாப்பரசரே வந்து கதவைத் தட்டினாலும் எழும்பமாட்டார். கனடாவில், டோர்செட் பார்க் பன்னிரண்டாம் மாடியில் அந்த ஒரு மணித்தியாலம் ஒருவரும் இருமக்கூடாது. கிழமை முழுக்கப் பாண் சுடும் தொழிற்சாலையில் தட்டுத் தள்ளிய மனுசன், ஒரேயொரு பாட்டுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்.

ஐம்பதுகளில் அமெரிக்கக் கறுப்பு இளைஞர் நாலு பேர் பாடிய பாட்டு அது. யாழ்ப்பாணத்துக் குருநகரில், பக்கத்து வீட்டு வானொலியில் அதை முதலில் கேட்டபோது அவருக்குப் பதினொரு வயது, அண்ணன் எட்வேட்டுக்குப் பதினாலு. சொல் பாதி விளங்கவில்லை. அதனால் என்ன, அடிக்குரல் எட்வேட்டுக்கு, மேல்குரல் தம்பிக்கு என்று அன்றைக்கே பங்கு பிரித்துவிட்டார்கள். அதன்பிறகு கலியாண வீடு, நத்தார், ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அந்த நேரத்துக்குச் செபமாலை சொல்லியிருந்தால் இரண்டு பேரும் நேரே மோட்சத்துக்குப் போயிருப்பார்கள் என்பது இக்னேசியஸின் மனைவி கிளடிஸின் கணக்கு.

தொண்ணூற்றைந்தில், சண்டையால், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் கிடையாது, பற்றரிக்குத் தடை. எட்வேட் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, ஒரு கையால் பெடலைச் சுற்றி, அந்த டைனமோ கரண்டில் ஒரு கசற் ஒலிநாடாவில் பேசிக் கனடாவிலிருக்கும் தம்பிக்கு அனுப்புவார். கை தளர்ந்தால் குரலும் இழுபடும். கசற்றுக்கும் தட்டுப்பாடு என்பதால் இருவருக்கும் பொதுவாக ஒன்றுதான். கொழும்புக்குப் போய்வருபவர்களின் பையில் அது போகும், வரும். வந்ததைக் கேட்டுவிட்டு அதன்மேலேயே பதில் பேசவேண்டும்.

அந்த ஆனியில் வந்ததில் எட்வேட் ஒன்று கேட்டிருந்தார். "உந்தப் பாட்டை எங்கையாவது பிடிச்சுப் பதிஞ்சு அனுப்படா தம்பி. முழுசாக் கேட்டு முப்பது வரியமாகுது."

வானொலி நிலையத்துக்குப் போன் எடுத்தால், அதைக் கேட்டு ஏற்கெனவே ஒரு வரிசை நிற்கிறது என்றார் அறிவிப்பாளர். ஜமேக்கா நேர்ஸ் ஒருத்தி, இளைப்பாறிய பஸ் சாரதி ஒருவர், இன்னும் எத்தனையோ கிழடுகள். தன்னைப்போல விசர் பிடித்தவர்கள் இந்த நகரத்தில் இத்தனை பேரா என்று இக்னேசியஸுக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது. புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை அந்த நேர்ஸின் முறை வந்தது. பாட்டுத் தொடங்கியதும் இக்னேசியஸ் பாய்ந்து விழுந்து பதிவுப் பொத்தானை அமத்தினார். உள்ளே கிடந்தது எட்வேட்டின் கசற்.

"அண்ணையின்ரை குரலெல்லோ அழியுது?" என்றார் கிளடிஸ்.

"அவர் திரும்பப் பேசி அனுப்புவார்தானே."

பாட்டுக்குப் பின்னால் வரப்போகிற பனி, சம்பளம், பிள்ளைகளின் படிப்பு என்று தானும் பேசினார். பக்கம் முடியக் கொஞ்சம் இருக்கும்போதே கதை வற்றிவிட்டது. கசற்றை ஊர்க்காரர் மரியரட்ணம் கொழும்புக்குக் கொண்டுபோனார்.

ஐப்பசிக் கடைசியில், இராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாண நகரமே வெளிக்கிட்டு நடந்தது. மழையில் நனைந்து சாவகச்சேரிக்கு நடந்த எட்வேட், ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் காய்ச்சலில் கிடந்து செத்துப்போனார். செய்தி மார்கழியில்தான் கனடாவுக்கு வந்தது. பங்குனியில் திரும்பிய மரியரட்ணம், யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடந்தது, என்ன செய்ய என்று சொல்லி, சுற்றிய பேப்பர்கூடப் பிரிக்காமல் கசற்றைத் திருப்பிக் கொடுத்தார்.

இக்னேசியஸ் அதைப் போட்டார். பாட்டு ஒரு குறையும் இல்லாமல் பதிவாகியிருந்தது. பழக்கதோசத்தில் மேல்குரலைப் பிடித்தவர் இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டார். பிறகு தன் குரல் வந்தது. இத்தனை வெட்டிப்பேச்சா பேசினேன் என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அதுவும் ஓய்ந்தது. ஒரு கரகரப்பு. டைனமோவின் முனகல்.

"...கை உளையுது தம்பி. மிச்சத்தைப் பிறகு சொல்லுறன்."

முதல்தரம் கேட்டபோது இந்த இடத்தில் தான் சிரித்தது இக்னேசியஸுக்கு நினைவு வந்தது. அதற்கு முன் அண்ணன் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்பதுதான் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.