மயக்கத்தில் சொன்னது

ஊரார் அவருக்கு வைத்த பெயர் 'சரிங்க'. பெற்றவர்கள் வைத்த பெயர் கடை உரிமத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது, அதை ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. "சரிங்க அண்ணன்கிட்ட குடுத்துடு, சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவார்" என்பதுதான் கடைத்தெருவில் பேச்சு. பேனர் அச்சடிக்கும் கடை. முன்னால் அவரும் கம்ப்யூட்டரும், நடுவில் கட்டில் நீளத்துக்கு ஒரு பிரிண்டர். பின்னால் தரையில் உட்கார்ந்து, ஓரம் மடித்து ஒட்டி, கயிறு கோக்க வளையம் அடிப்பது அவர் மனைவி. இருபத்திரண்டு வருடமாக இதே ஏற்பாடுதான்.

கட்சிக்காரர்கள் வருவார்கள். தலைவர் முகம் பெரிசா இருக்கணும், பின்னால வானம் தெரியணும் என்பார்கள். அவர்கள் போன சூட்டோடு எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து அதே வானத்தைக் கேட்பார்கள். வழிபாட்டுச் சபையினர் வருவார்கள், எங்கள் கூட்டத்துக்கு வராதவன் நரகத்துக்குப் போவான் என்பதை நாகரிகமாக எழுதித் தரச் சொல்லி. நடிகரின் ரசிகர்கள் வருவார்கள், அவருக்கு அறுபது வயதானது தெரியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி. எல்லோருக்கும் அவரிடம் ஒரே பதில். "சரிங்க. நல்லா இருக்குங்க. உங்க இஷ்டப்படியே போட்டுடலாம்." இதைக் கோழைத்தனம் என்று சொல்ல வாயெடுப்பவர்கள் முதலில் அவருடைய இடது கைச் சுண்டுவிரலைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

கடை திறந்த முதல் வருடம் அது. அந்த நடிகரின் புதுப் படத்துக்குப் பேனர் வாங்க ரசிகர் மன்றத்தார் நாலு பேர் வந்தார்கள். ஒருவன் சிரித்துக்கொண்டே, "அண்ணே, படம் பாத்தாச்சா?" என்று கேட்டான். கேட்டால் பதில் சொல்வதுதான் மரியாதை என்று அப்போது அவர் நினைத்திருந்தார். "பாத்தேன் தம்பி. முதல் பாதியில கொஞ்சம் தூக்கம் வருது" என்றார். அவ்வளவுதான். கையைப் பிடித்து வாசல்படியில் வைத்து ஷட்டரை இழுத்து இறக்கினார்கள். மற்ற விரல்கள் தேறிவிட்டன, சுண்டுவிரல் மட்டும் இன்றுவரை மடங்காது. டீ கிளாஸைப் பிடித்தால் அது தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். போலீஸுக்குப் போகலாம் என்று மனைவி அழுதாள். "விடு, நல்ல பசங்கதான்" என்றார் அவர்.

அன்றைக்கு வாய்க்குப் போட்ட பூட்டு. ஆனால் பூட்டு வாய்க்குத்தானே, மனசுக்கு இல்லையே. அவருடைய முதல் பிரிண்டர் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அந்த இரைச்சலில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டுவார். "ஒரே தண்ணிக் குழாயை நாலு தேர்தலுக்குத் திறந்து வச்சிருக்கியே, வெக்கமா இல்ல?" என்று ஒரு தலைவருக்கு. "நீ மட்டும் என்ன, அவன் எழுந்திருச்சா அந்த நாற்காலியில உக்காரக் காத்துக்கிட்டு இருக்கே" என்று இன்னொருவருக்கு. தங்கையின் குழந்தை காய்ச்சலில் கிடந்தபோது மூன்று மதத்துக் கடவுளிடமும் போய் மண்டியிட்டவர் அவர். குழந்தை பிழைக்கவில்லை. அதிலிருந்து, "நீ இருக்கியா? இருந்தா உனக்குக் காது கேக்குமா?" என்று மேலே பார்த்தும் ஒரு கேள்வி உண்டு. நடிகருக்கு, "பேத்தி வயசுப் பொண்ணுகூட ஆடாதய்யா, பாக்க முடியல." மனைவியோ வளையம் அடித்துக்கொண்டே அந்த நடிகரின் பழைய பாட்டுகளைத்தான் பாடுவாள். அவள் தொண்டையைச் செருமினாலே இவர் பிரிண்டரைப் போட்டுவிடுவார். கணவர் நல்ல சுறுசுறுப்பு என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் பித்தப்பையில் கல் வந்து சேர்ந்தது. முழு மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். கத்திக்கு அவர் பயப்படவில்லை. ஆனால் பிரிண்டர் சர்வீஸ் செய்ய வந்தவர் திருகுகளைக் கழற்றிக்கொண்டே ஒரு கதை சொன்னார். "எங்க மாமாவுக்கும் இதே ஆபரேஷன்தாண்ணே. மயக்கம் தெளியறப்ப ஒரு மணி நேரம் உளறிட்டார். இன்னொரு குடும்பம் வச்சிருக்கறதை அத்தைகிட்டயே சொல்லிட்டார்னா பாருங்க!" சொன்னவர் விழுந்து விழுந்து சிரித்தார். சரிங்க அண்ணனுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

இன்னொரு குடும்பம் இருந்திருந்தால் அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அடி விழுந்தாலும் மனைவியின் ஒரு கைதான். இவரிடம் இருப்பதோ அத்தனை வருடச் சரக்கு. அதில் ஒரு வாக்கியம் வெளியே விழுந்தாலும் கடையைக் கொளுத்திவிடுவார்கள், எந்த வாக்கியம் என்பதைப் பொறுத்துக் கொளுத்துகிற ஆள் மட்டும் மாறுவார்கள். குளிக்கும்போது பயம் வந்தது, சாப்பிடும்போது வந்தது, பேனரில் முகங்களுக்குப் பின்னால் வானம் ஒட்டும்போது வந்து மேகம் தலைவரின் மூக்கில் ஏறியது. "நான் தூக்கத்தில பேசுவனா?" என்று மனைவியிடம் கேட்டார். "நீங்களா? குறட்டை விடவே யோசிப்பீங்க" என்றாள்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மாவையும் விடவில்லை.

"வாய்க்குப் பிளாஸ்திரி போட்டுடலாங்களா?"

"மூச்சு விட வேணாமா?"

"மூக்கு இருக்குங்களே."

டாக்டரம்மா சிரித்தார். "நீங்க என்ன சொன்னாலும் நாங்க காதுல வாங்க மாட்டோம், பயப்படாதீங்க." காதில் வாங்காதவர்களைப் பற்றி அவருக்கு என்ன பயம்? வாங்குகிறவர்கள்தான் ஊரெல்லாம் இருக்கிறார்களே. வேறு வழியில்லாமல் மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "நான் வாயைத் திறந்தா உன் கையை வச்சு அழுத்திடு. நான் திமிறினாலும் விடாதே."

"அப்படி என்னத்தைச் சொல்லிடப் போறீங்க?"

"உள்ள நிறைய கிடக்கு" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இந்த மனிதருக்குள் ஏதோ கிடக்கிறது என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் ஆறு கட்டில் போட்ட அறை, சுவரில் டிவி. பக்கத்துக் கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு ஆளும்கட்சியின் பகுதிச் செயலாளர். "அடடே, சரிங்க அண்ணனா! மாநாட்டுக்கு முன்னால எழுந்து வந்துடணும், பேனர் உங்க கையாலதான்" என்றார். பேயறைந்த மாதிரி நின்றவரைப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போக வண்டி வந்தது. தள்ளுகிறவரின் முன்னங்கையில் நடிகரின் முகம் பச்சை குத்தியிருந்தது. ரசிகர் மன்றத் துணைச் செயலாளர், போன மாதம்தான் நாற்பது அடி பேனர் வாங்கிக்கொண்டு போனவர். "கவலைப்படாதீங்கண்ணே, வெளிய வந்ததும் நான்தான் உங்களைக் கூட்டிட்டு வருவேன்" என்றார் அவர் அன்பாக.  தலைக்கு மேலே குழல் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. மேலே இருக்கிறவனே, உனக்குக் காது கேட்டால் இதை மட்டும் கேள், என் வாயைக் கட்டு என்று வேண்டிக்கொண்டே போனார்.

கண் திறந்தபோது தொண்டை காய்ந்து, வயிறு கனத்து, எதிரே மனைவியின் முகம். அவள் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. போச்சு என்று நினைத்தார். பகுதிச் செயலாளர் இந்தப் பக்கம் திரும்பாமல் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கோபமா, வெறும் டிவியா? வாசலில் தள்ளுவண்டிக்காரர் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். ஆட்களைக் கூப்பிடுகிறாரா? சுண்டுவிரல் விண்விண்ணென்று தெறித்தது.

"நான் பேசினேனா?"

"பேசினீங்க."

"எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி நேரம் இருக்கும்."

"கையை வச்சு மூடலையா நீ?"

"மூடல" என்றாள் அவள். கட்டிலுக்கு நெருங்கி உட்கார்ந்தாள். "நிறைய கிடக்குன்னு சொன்னீங்கல்ல. எனக்கும் ஆசையா இருந்துச்சு. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், என்னதான் இருக்குன்னு பாத்துடலாம்னு உங்க காதுகிட்ட வந்து நானே கேட்டேன். யாருக்கு ஓட்டுப் போட்டீங்கன்னு கேட்டேன்."

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "என்ன சொன்னேன்?"

"சரிங்கன்னு சொன்னீங்க. கடவுள் இருக்காரான்னு கேட்டேன். உங்க இஷ்டப்படியே போட்டுடலாம்னு சொன்னீங்க. எது கேட்டாலும் அதேதான், இல்லன்னா அளவு என்ன, எழுத்து என்ன கலர்னு."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒன்றும் சொல்லவில்லை! சிரிப்பு வந்தது, தையல் இழுத்ததால் அடக்கிக்கொண்டார். அப்புறம்தான் அவள் இன்னும் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்தார்.

"அப்புறம் ஏன் அழறே? நல்லதுதானே நடந்திருக்கு?"

"கடைசியா என்னைப் பத்திக் கேட்டேன்" என்றாள். "என்னைப் பிடிச்சிருக்கான்னு கேட்டேங்க. நல்லா இருக்குங்க, அப்படியே இருக்கட்டும்னு சொன்னீங்க. கட்சிக்காரன்கிட்ட சொல்ற மாதிரி. என்னைப் போய் 'ங்க' போட்டு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நம்ம பொண்ணு, இந்த மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்காப்பான்னு கேட்டப்பவும் உன் இஷ்டம்மான்னீங்க. அவ அன்னைக்கு எவ்வளவு அழுதா தெரியுமா? இப்ப மயக்கம் தெளிஞ்சிடுச்சுல்ல. இப்ப சொல்லுங்க. எதையாவது ஒண்ணு, உங்களுக்குன்னு தோணினதை."

அவர் தேடினார். சுவரைப் பார்த்துக் கொட்டியதெல்லாம் எங்கே? கடைசியாகக் கொட்டியது எப்போது? பழைய பிரிண்டரை மாற்றி ஐந்து வருடமாகிறது. புதுப் பிரிண்டருக்குச் சத்தமே கிடையாது. இரைச்சல் போனதும் சுவரிடம் பேசுவதும் போயிருக்கிறது, அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. உள்ளே மலையாகக் கிடக்கிறது என்று நினைத்து நடுங்கிய இடத்தில் கைவிட்டுத் துழாவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. இத்தனை நாள் பட்ட பயமெல்லாம் இந்தப் பயத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை.

"அண்ணே, முழிச்சிட்டீங்களா?" பகுதிச் செயலாளர் டிவியைக் காட்டினார். அதில் தலைவர் ஏதோ தண்ணீர்க் குழாயைத் திறந்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். "எப்படி, தலைவர் பேச்சு?"

"நல்லா இருக்குங்க" என்றது அவர் வாய். அவர் சொல்லவில்லை, வாய் சொன்னது.

மனைவி எழுந்து ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். எதிரே தள்ளுவண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. அவர் அவள் முதுகையே பார்த்தார். வெந்நீர் பிடிக்கத்தான் போகிறாள், திரும்பி வருவாள். ஆனால் இனிமேல் கேட்கமாட்டாள்.

"நீ பாடுற பாட்டு எனக்குப் பிடிக்காது!"

அறை முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டார். அவள் நின்றாள். தள்ளுவண்டியின் சக்கரச் சத்தமும் நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"அந்தாளு பாட்டு எதுவுமே எனக்குப் பிடிக்காது. இருபத்திரண்டு வருஷமா பிடிக்கல. பாட்டு கேக்கக் கூடாதுன்னுதான் அந்தப் பழைய பிரிண்டரைப் போடுவேன்." பச்சை குத்திய கை வண்டியின் பிடியை விட்டதைப் பார்த்தார். பார்த்தும் நாக்கு நிற்கவில்லை. "ஆனா போன வருஷம் நீ பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தப்ப கடையில பாட்டு இல்ல. எனக்கு ஒரு வேலையும் ஓடல. எட்டு நாளும் ஷட்டரைப் பாதி இறக்கிட்டு உள்ள சும்மா உக்காந்திருந்தேன்."

அவள் திரும்பி வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். தள்ளுவண்டிக்காரர் அங்கேயே நின்று, "யார் பாட்டுண்ணே பிடிக்காது?" என்று நிதானமாகக் கேட்டார். பகுதிச் செயலாளர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.  சரிங்க அண்ணன் சுண்டுவிரலை உள்ளங்கைக்குள் மறைக்கப் பார்த்தார், அதுதான் மடங்காதே.

"மூடு" என்றார் மனைவியிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. "என் வாயை மூடு, சீக்கிரம்."

அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, "இன்னும் சொல்லுங்க" என்றாள்.