காலி விமானம் குலுங்கிய மதியம்

நார்த்தாமலை அருணா விமானம் ஓட்டுகிறாள் என்றால் நம்பாதவர்கள் இன்னும் ஊரில் உண்டு. நம்பாவிட்டால் போகட்டும். டீக்கடை ராக்கன், "பிளேனுக்கு ஹாரன் எங்கிட்டு இருக்கு?" என்று பார்க்கும்போதெல்லாம் சீண்டுவார். கல் குவாரியில் டிப்பர் லாரி ஓட்டும் சேவுகனின் மகள் அவள். நிலம் அளக்கிறவர்களைத் திருச்சியிலிருந்து சின்ன விமானத்தில் ஏற்றிப்போய் இறக்குவது அவள் வேலை.

சிறுமியாக இருந்தபோது அப்பாவின் லாரியில் முன்னால் உட்கார்ந்து போவாள். கல் ஏற்றிய லாரி பள்ளத்தில் அமுங்கிப் போகும். காலி லாரிதான் துள்ளும், தலை கூரையில் இடிக்கும். "தலை இடிச்சுச்சா ஆத்தா?" என்று கேட்டுக்கொண்டே சேவுகன் வேகத்தைக் குறைப்பார்.

விமானமும் அப்படித்தான். பாரம் குறைந்தால் காற்று சுலபமாகத் தூக்கி எறியும். அந்த அடியை இறக்கைதான் தாங்க வேண்டும். அதனால் காலியாக வரும்போது இன்னும் மெதுவாக வர வேண்டும். அவள் படித்ததுதான், தெரியாதது இல்லை.

இந்தச் சித்திரையில் ஒரு மதியம், ஆட்களையும் கருவிகளையும் மதுரையில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பினாள். மறுவாரம் பெரிய விமானத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். அந்தப் பட்டியலில் அவள் பெயரும் போயிருந்தது. அந்த நினைப்பில், பாரத்தோடு போன வேகத்திலேயே வந்துவிட்டாள். நார்த்தாமலைப் பாறைகளின் மேல் அனல் காற்று எழும்பிக்கொண்டிருந்தது. ஒரே தூக்கு. பெல்ட்டையும் மீறித் தலை கூரையில் இடித்தது. இறக்கையில் படாரென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

திருச்சியில் இறங்கிப் பார்த்தாள். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"யாரும் பாக்கலேல்ல?" என்றார் சேவுகன்.

"பாக்கலப்பா."

"அப்பறம் நீயாப் போயி ஆபீசுல எதுக்கு ஆத்தா சொல்லணும்? நல்ல வேலை கூடி வர்ற நேரம்."

"நாளைக்கு அதுல வைஷ்ணவி ஏறுறாப்பா."

வைஷ்ணவி அவளோடு விமானம் ஓட்டுகிறவள், கைக்குழந்தைக்காரி. "அப்பச் சொல்லிரு" என்றார் சேவுகன்.

ஆபீசில் போய்ச் சொன்னாள். மெக்கானிக்குகள் இறக்கையின் மூடியைக் கழற்றிப் பார்த்தார்கள். இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில், உள்ளே தகடு நெளிந்து ரிவெட்டு ஆணிகள் இளகியிருந்தன. விமானத்தை ஓரங்கட்டினார்கள், அவளையும்தான். விசாரணை முடியும் வரை பறக்கக் கூடாது. பெரிய விமானத்துக்கு வேறொருவர் பெயர் போனது. மாலை மரியாதை யாரும் செய்யவில்லை. வைஷ்ணவி மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாள்.

அன்றைக்குப் பஸ் ஏறி, ஊருக்குப் பக்கத்துக் கீரனூரில் வந்து இறங்கினாள். சேவுகன் மொபெட்டோடு காத்திருந்தார். பையை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் பின்னால் ஏறி உட்கார்ந்ததும், திரும்பாமலே கேட்டார்.

"தலை இடிச்சுச்சா ஆத்தா?"

"இடிச்சுச்சுப்பா" என்றாள். அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சேவுகன் வண்டியை மெதுவாகவே ஓட்டினார்.