பேச்சியக்கா காப்பில் விட்டுப்போன ‘NO’

கம்பம் கடைவீதியில் ஒரு வெள்ளிக்கடையில் லேசர் மெஷினில் பெயர் வெட்டுவது என் வேலை. பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வேலை போய்விடும் என்று நான் நடுங்கியது ஒரே ஒரு நாள்தான். அதைச் சொல்கிறேன்.

காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் பேச்சியக்கா ஒருநாள் சாயங்காலம் கடைக்கு வந்தார். எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. பாதியாக இளைத்திருந்தார்.

“என்னத்தா அப்பிடிப் பாக்குற? நாந்தான். மதுரையில ஆபரேசன் பண்ணி வயித்தைச் சின்னதாக்கி விட்டுட்டாக,” என்று சிரித்துக்கொண்டே டாக்டர் எழுதிய சீட்டை நீட்டினார். “இதைக் காப்புல வெட்டி எப்பவும் கையில போட்டுருக்கணுமாம். நான் எங்கயாச்சும் மயங்கி விழுந்தா, வைத்தியம் பாக்குறவுக படிச்சுக்கிருவாகளாம். நாளைக்குப் பதினோரு மணிக்கு ராமேஸ்வரத்துக்கு வேன்ல போறோம். இன்னைக்கே வேணும். எழுத்துப் பெருசா இருக்கட்டும்.”

சீட்டில் மூன்று வரி: GASTRIC BYPASS. NO NSAID. NO BLIND NG TUBE.

காப்பில் பொருத்தும் தகடோ சின்னது. நான் அன்றாடம் வெட்டுவது PHONE NO, DOOR NO. அதனால் NO என்றாலே நம்பர் என்று என் புத்தியில் ஏறியிருந்தது. நம்பர் எதையும் காணோம், பிறகு அது எதற்கு என்று இரண்டு NO-வையும் எடுத்துவிட்டேன். எழுத்து பெரிசாக, அம்சமாக விழுந்தது. பேச்சியக்கா கண்ணாடி கொண்டுவரவில்லை. தடவிப் பார்த்துவிட்டு, “ஜோரா இருக்கு” என்று போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் எனக்குப் பல்வலி. பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்டேன்.

“வயித்துப்புண் இருக்காக்கா? இது NSAID,” என்றார் கடைக்காரர் முருகேசன்.

“அட, நேத்து ஒரு காப்புல இதைத்தான் வெட்டினேன்,” என்று பெருமையாகச் செல்போனில் போட்டோவைக் காட்டினேன்.

அவர் முகம் மாறிவிட்டது. “அக்கா, இந்த ஆபரேசன் செஞ்சவுகளுக்கு இந்த வலி மாத்திரையே ஆகாது. உள்ள புண்ணாக்கி ரத்தம் கசிய வச்சிரும். மூக்கு வழியா டியூப்பும் கண்ணை மூடிக்கிட்டு விடக்கூடாது, குடல் கிழிஞ்சு போகும். NO-ன்னு இருக்கணுமே, எங்க?”

பல்வலி போன இடம் தெரியவில்லை. அக்காவுக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மணி பத்து.

வேலை போனாலும் போகட்டும் என்று முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். “மொதல்ல புதுத் தகடு வெட்டு. திட்டுறதைச் சாயங்காலம் வச்சுக்கிறேன்,” என்றார்.

பத்து நிமிஷத்தில் மூன்று வரியையும் முழுசாக வெட்டினேன். தகட்டையும் அதை மாட்ட ஒரு கொறடையும் கைப்பையில் போட்டுக்கொண்டு காமயகவுண்டன்பட்டிக்கு டவுன் பஸ் பிடித்தேன். நான் போய் இறங்கும்போது வேன் உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே முழுக்கப் பொம்பளைகள்.

“பேச்சியக்கா! காப்பைக் கழட்டுங்க!” என்று கத்தினேன்.

மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். ஜன்னலோரம் இருந்த ஒருவர், “ஏ பேச்சி, எது ஆகாதோ அதையே குடுங்கன்னு எழுதி மாட்டிக்கிட்டுல்ல கெளம்பிட்ட!” என்றார். வேனே குலுங்கிச் சிரித்தது. எனக்கு மட்டும் கண்ணில் தண்ணீர். பழைய தகட்டை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினேன்.

பேச்சியக்கா இந்த முறை கண்ணாடி போட்டு மூன்று வரியையும் எழுத்துக்கூட்டிப் படித்தார். “எதுக்கு அழுகுற? அதான் வந்துட்டேல்ல. ஆனா ஒண்ணு. என்ன அர்த்தம்னு நேத்தே என்னையக் கேட்டிருக்கலாம்ல? டாக்டர் ரெண்டு தடவை சொல்லிக் குடுத்து, என்னையத் திருப்பிச் சொல்ல வச்சுல்ல அனுப்புனாக.”

கேட்டால் எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று வெளியே தெரிந்துவிடும். அந்த வெட்கத்தில்தான் கேட்கவில்லை. முதலாளி சொன்னபடியே சாயங்காலம் திட்டினார். வாங்கிக்கொண்டேன். வேலை போகவில்லை.

இந்த மெஷினில் புதிதாக உட்காருகிறவர்களுக்குச் சொல்கிறேன். புரியாததைக் கேளுங்கள். இடம் பத்தவில்லை என்றால் எழுத்தைச் சின்னதாக்குங்கள். அடுத்தவர் கொடுத்த வார்த்தையைக் குறைக்க நமக்கு உரிமையில்லை.